துரை கொடுத்த குட்டியும் எருமைப் பாலும்

சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள்தான். கிங்ஸ் சர்க்கிளில் ட்ராமை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து வந்து, மாடியேறி அறைக் கதவைத் திறந்தேன். விஷயம் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது.

மூலையில் கோணிச் சாக்கின்மேல் குட்டி சுருண்டு கிடந்தது. சாக்கு நனைந்திருந்தது. அங்கிருந்து கதவு வரை தரையெல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. மணி ஐயரின் டிரங்குப் பெட்டிக்கு முன்னாலும் ஒன்று. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது. பாதி ஆட்டத்திலேயே வால் கீழே விழுந்துவிட்டது.

ஓடிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாய்க்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். அந்த நாய் பிழைத்தால்தான் என் லீவு பிழைக்கும். லீவு பிழைத்தால்தான் என் பெண்ணை நான் பார்க்க முடியும். பிறந்து ஏழெட்டு மாதமாகியும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத பெண்.

நாய்க்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன். எதையும் நேராகச் சொல்ல எனக்கு வராது என்பது இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையில் விண்ணப்பத்துடன் நின்றவன்

யுத்த காலம். பம்பாயில் குண்டு விழும் என்று பயந்து, தமிழர்கள் நிறைந்த எங்கள் மாட்டுங்காவில் பாதி தன் குடும்பங்களை ஊருக்கு ரயிலேற்றிவிட்டிருந்தது. என் மனைவி பயந்து போகவில்லை, பிரசவத்துக்குப் போனாள். பாலக்காட்டுப் பக்கம் அவளுடைய பிறந்தகம். பெண் பிறந்திருக்கிறது, இருவரும் சௌக்கியம் என்று ஒரு கார்டு வந்தது. விசாலம் என்று பெயர் வைத்திருப்பதாக இன்னொரு கார்டு வந்தது. குப்புற விழுகிறாள், தவழ்கிறாள் என்று வரிசையாகக் கார்டுகள் வந்தன. நான்தான் போகவில்லை.

கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. யுத்தத்தினால் எல்லோருக்கும் லீவு நின்றுபோயிருந்தது. நான் விண்ணப்பம் கொடுப்பதும், அது திரும்பி வருவதும், தேதியை மாற்றி மறுபடி டைப் அடிப்பதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி படுத்தால் முகமில்லாத ஒரு குழந்தை வரும். எத்தனை யோசித்தாலும் முகம் மட்டும் வராது. யாரிடம் போய்ச் சொல்வது இதை?

எங்கள் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர். துரை என்றுதான் சொல்வோம். நல்ல மனுஷர், ஆனால் அளந்து பேசுவார். ஒருநாள் அவருடைய நாய் குட்டி போட்டிருக்கிறது, ஆள் குஷியாக இருக்கிறார் என்று ப்யூன் வந்து காதில் ஓதினான். இதுதான் சமயம் என்று விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

துரை படித்தார். காகிதத்தை மேஜைமேல் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு நாய் பிடிக்குமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எனக்கு முன்னால் அந்த அறைக்குள் போனவர்கள் எல்லோரும் வீட்டில் இடமில்லை, ஆசாரம், மாமனாருக்கு ஆகாது என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருந்தார்கள். அவர்கள் கையில் விண்ணப்பம் இல்லை. என் கையிலிருந்து அப்போதுதான் அவர் மேஜைக்குப் போயிருந்தது. "பிடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே ஒரு பிரப்பங்கூடையில் வந்துவிட்டது குட்டி. பெண் குட்டி. காபிப்பொடி நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. "நன்றாகப் பார்த்துக்கொள். லீவு விஷயத்தை மாதக் கடைசியில் பார்ப்போம்" என்றார். அன்றிலிருந்து தினம் காலையில் குட்மார்னிங்குக்கு அடுத்தபடி, "அவள் எப்படி இருக்கிறாள்?" என்பார். குட்டி நன்றாக இருந்தால்தான் லீவு என்று துரை சொல்லவே இல்லை. ஆனால் குமாஸ்தாவின் காதில் துரை சொல்லாததுதான் முதலில் விழும்.

அறையின் சட்டம்

அறையில் நாங்கள் மூன்று பேர். மணி ஐயர் எங்களில் மூத்தவர், மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். மகா ஆசாரம். சேஷு சின்னவன், கல்யாணமாகாதவன், ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் வேலை. சாப்பாடு மூவருக்கும் தெருமுனை மெஸ்ஸில். அறையில் ஒரு ஸ்டவ் உண்டு, காபிக்காக.

கூடையைப் பார்த்ததும் மணி ஐயர் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தார்.

"என்ன ஓய் இது?"

"துரை குடுத்தார்."

"துரை குடுத்தா? நாளைக்கு ஆனையைக் குடுத்தா அதையும் வாங்கிண்டு வருவேராக்கும்."

கடைசியில் சட்டம் போட்டார். நாய் அதன் மூலையை விட்டு வரக்கூடாது. அவரைத் தொடக்கூடாது, தொட்டால் அவர் குளிக்க வேண்டும். யாரும் அதை மடியில் வைத்துக் கொஞ்சக்கூடாது. லீவு கிடைத்தவுடன் வேறு இடம் பார்த்துவிட வேண்டும். நானும் சேஷுவும் தலையாட்டினோம்.

பெயர் வைப்பதிலும் ஒரு சங்கடம். தமிழ்நாட்டு நாய்களில் பாதிக்கு மணி என்றுதானே பெயர். அந்த அறையில் அப்படிக் கூப்பிட முடியுமா? குட்டி என்றே விட்டுவிட்டோம்.

வந்த அன்றைக்கு அது கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. கூப்பிட்டேன், சொடுக்குப் போட்டேன், பிஸ்கட்டைக் காட்டினேன். சேஷு தரையில் படுத்துக்கொண்டு பூனை மாதிரிகூடக் கத்திப் பார்த்தான். எதற்கும் அது அசையவில்லை. பிடித்து இழுக்கப் போனால் இன்னும் உள்ளே போயிற்று. எனக்கு அலுத்துவிட்டது. கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை மல்லாத்தித் தரையில் போட்டபடி பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். யுத்தச் செய்தியில் மூழ்கிப் போனபோது உள்ளங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று தோன்றியது.

பம்பாய் போட்ட பிள்ளையார் சுழி

வயிற்றுப் போக்குக்கு வருகிறேன். இது நாய்க்கு மட்டும் வந்ததில்லை.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்து இறங்கின ஒருவனாவது முதல் வாரத்தில் தப்பித்ததாக எனக்கு நினைவில்லை. தண்ணீர் என்பார்கள், காற்று என்பார்கள். எல்லாம் சும்மா. பால்தான். ஊரில் பசும்பாலில் வளர்ந்த வயிறு, இங்கே பால்கார பையாவின் தபேலாவிலிருந்து, அதாவது எருமைக் கொட்டிலிலிருந்து, வருகிற எருமைப் பாலைப் பார்த்ததும் மிரண்டுவிடும். ஒரு விரல் கனத்துக்கு ஆடை கட்டும் அந்தப் பால். அதில் காபி போட்டு, ஆகா என்று குடித்துவிட்டு, மறுநாளெல்லாம் சொம்பும் கையுமாக நடந்தவன் நான். சால் என்கிற அந்த வரிசை அறைக் கட்டடத்தில் பொதுக் கக்கூஸ். வரிசையில் நிற்க வேண்டும். பம்பாயில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதர்கள் அந்த வரிசையில் கிடைத்தவர்கள்தான். சேஷுவையே அங்கேதான் பிடித்தேன்.

எனக்கு நடந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் குட்டியின் வயிற்றோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. குட்டியென்றால் பால்தானே குடிக்கும்? அதற்கு மேல் எங்களில் யாருக்கும் யோசனை ஓடவில்லை.

மூன்று வைத்தியர்கள்

சனிக்கிழமைக்கு வருகிறேன். தரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சேஷு வந்தான். பார்த்தான்.

"விளக்கெண்ணெய் குடுத்துடலாம். எல்லாத்தையும் வெளியே கொண்டுவந்துடும்."

"எல்லாம் வெளியேதான் வந்துண்டிருக்கு, கண்ணு தெரியலையா?" என்றேன்.

மணி ஐயர் வாசற்படியிலேயே நின்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "லங்கணம் போடும். ஒண்ணும் குடுக்கப்படாது, ஒரு சொட்டு தீர்த்தம்கூட" என்றார்.

என்னிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிஷ்டம் அரைப் புட்டி இருந்தது. அதை எடுத்து மூடியைத் திறந்தேன். குட்டி அந்த வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மிருக வைத்தியர் ஒருவர் பரேல் பக்கம் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமைதான் வருவார். திங்கட்கிழமை காலையில் துரை கேட்பார். நான் என்ன சொல்வேன்?

வெயில் தாழ்ந்தது. குட்டி இப்போது சாக்கை விட்டு நகரக்கூட முயற்சி செய்யவில்லை. படுத்த இடத்திலேயே போயிற்று. கண் உள்ளே போய்விட்டது. மூக்கு காய்ந்திருந்தது. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் தூக்கின இடத்திலேயே நின்றது. நான் லீவை நினைக்கிறேனா, இதை நினைக்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய்த் தங்கம் மாமியின் கதவைத் தட்டினேன்.

தங்கம் மாமி கீழ் வீட்டுக்காரர். குண்டு விழுந்தால் விழட்டும் என்று ஊருக்குப் போகாமல் இருந்த சிலரில் ஒருவர். இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. என் முகத்தைப் பார்த்ததும், "என்ன, ஊரிலேர்ந்து தந்தியா?" என்று பதறினார்.

"இல்லை மாமி. நாய்க்குட்டிக்கு வயிறு போறது."

மாமிக்கு உயிர் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், என்னவோ திட்டவில்லை. குழந்தையோடு மாடியேறி வந்தார். ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் அறை, அதனால் வாசலிலேயே நின்றார். கழுத்தை நீட்டிக் குட்டியைப் பார்த்தார்.

"இதைப் பெத்தவகிட்டேர்ந்து எப்போ பிரிச்சுண்டு வந்தேள்?"

"போன வாரம்."

"பால் யார் குடுக்கறா?"

"நான்தான். காலம்பற ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம்" என்றேன்.

பக்கத்தில் ஒரு செருமல். சேஷு. "நானும் சாயங்காலம் கொஞ்சம் குடுக்கறேன் மாமி. இவர் வர நாழியாறது, பாவம் பசிக்குமேன்னு."

இதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். மாமி எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அறையின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே மணி ஐயர் பலகையில் உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார். கண் மூடியிருந்தது.

அப்போதுதான் நான் சுவரைப் பார்த்தேன். குட்டிக்குப் பால் ஊற்றுகிற தேங்காய்ச் சிரட்டை இருந்த இடத்துக்கு மேலே, இடுப்பு உயரம் வரை, சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. நானும் சேஷுவும் குனிந்து ஊற்றுகிறவர்கள். தொடாமல், தீட்டுப் படாமல், எட்ட நின்று உயரத்திலிருந்து தாரையாக ஊற்றுகிற ஆள் அந்த அறையில் ஒருவர்தான் உண்டு.

"மாமா, நீங்களுமா?" என்றான் சேஷு.

ஜபத்துக்கு நடுவில் பேசக்கூடாது. மணி ஐயர் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, துளியூண்டு என்று காட்டினார். மாமி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் மெதுவாக அகன்றன. அகன்று அகன்று ஒரு டம்ளர் உயரத்துக்கு வந்து நின்றன.

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "நன்னா இருக்கு போங்கோ. தாயை விட்டுட்டு வந்த குட்டி. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம மூணு பேரும் எருமைப் பாலா ஊத்தினா அது வயிறு என்னத்துக்காகும்? வேண்டாம்னா வேண்டாம்னு இருக்கணும், பிரியம்னா பிரியம்னு சொல்லித் தொலைக்கணும். இது என்ன திருட்டுத்தனம்?"

 மணி ஐயர் ஜபத்தை முடிக்கவே இல்லை.

பாலாடை

மாமி சொன்ன வைத்தியம் இவ்வளவுதான். பால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பு ஒரு கல், சர்க்கரை ஒரு சிட்டிகை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, கடிகாரம் பார்க்காமல், குட்டி விழுங்க விழுங்கப் புகட்ட வேண்டும். போக்கு நின்றால் காலையில் பொரிக்கஞ்சி, வடித்த தண்ணியாக. வயிறு சில்லிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே போனவர், குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நசுங்கின பழைய பாலாடை ஒன்றைக் குழந்தையின் அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

முதல் பாலாடை முழுதும் கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது. அடுத்ததில் பாதி. மடியில் மல்லாத்திப் போட்டால் புரையேறும், குப்புறப் போட்டுத் தாடையை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். ஒரு மிடறு உள்ளே போகிற சத்தம் கேட்டபோது சேஷு என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் பொரி வாங்கி வந்து ஸ்டவ்வில் கஞ்சி வைத்தான். அன்று முழுவதும் நான் அந்த மூலையை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே நல்ல வேஷ்டி, மயில்கண் கரை போட்டது, அன்றோடு போயிற்று. போகட்டும். குட்டியின் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே குடுகுடுவென்று ஓடுவது கைக்குத் தெரிந்தது.

என் பெண்ணுக்கும் இப்படி வயிறு கெட்டிருக்கும். கெடாத குழந்தை உண்டா? கார்டில் அதையெல்லாம் எழுதமாட்டார்கள். சௌக்கியம் என்றுதான் எழுதுவார்கள். யாரோ அவளை இப்படி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வயிற்றில் கை வைத்திருப்பார்கள். அது நானில்லை. அவள் வயிறு என் கைக்குத் தெரியாது. நாய்க்குட்டியின் வயிறு தெரிகிறது. இதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். சேஷு கஞ்சியை ஆற்றுகிற சாக்கில் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

மணி ஐயர் வந்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட தன் பழைய வேஷ்டி ஒன்றை நாலாக மடித்து, எட்ட நின்று சாக்கின்மேல் போட்டார். பிறகும் போகாமல் நின்றார்.

"குழந்தைக்கு என்ன பேர் வெச்சிருக்கு?"

அத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"விசாலம்."

"நல்ல பேராக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "என் பெரியவன் நடக்க ஆரம்பிச்சதை நான் பாக்கலை. ரெண்டாமவன் பேச ஆரம்பிச்சதைப் பாக்கலை. லீவு கிடைச்சா போய்ட்டு வந்துடும் ஓய்" என்றார்.

சாயங்காலம் குட்டி தானாக எழுந்தது. நாலு காலும் நாலு பக்கம் போயிற்று, ஆனாலும் நின்றது. தள்ளாடிக்கொண்டே அறையைக் குறுக்கே கடந்து, பலகையில் உட்கார்ந்திருந்த மணி ஐயரிடம் போய், அவர் கால் கட்டைவிரலை நக்கியது. சாயங்காலத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் வராது. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"போனாப் போறது. காலம்பற குளிச்சுக்கறேன்" என்றார்.

ஒலவக்கோடு

திங்கட்கிழமை துரை கேட்டார். "ரொம்ப நன்றாக இருக்கிறாள் சார்" என்றேன். எப்போதும் சொல்கிற பதில்தான். ஆனால் அன்று என் குரல் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். துரை நிமிர்ந்து பார்த்தார். மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை, அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். "நீ இல்லாதபோது அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன்.

ரயிலில் கால் வைக்க இடமில்லை, எங்கும் சிப்பாய்கள். கிடைத்த லீவில் பாதி ரயிலிலேயே போயிற்று. பாலக்காட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஒலவக்கோட்டில் இறங்கி, வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தால், என் பெண் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் எப்படிக் கற்பனை செய்யாமல் விட்டேன் என்று தெரியவில்லை. என் முகம்தான் அது.

"இதோ பாரு, அப்பா வந்திருக்கா" என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். என் மனைவி தூக்கி என் கையில் கொடுத்தாள். விசாலம் என்னைப் பார்த்தாள். வீடு அதிர வீறிட்டாள். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அம்மாவின் தோளுக்குத் தாவிவிட்டாள். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி அதே கதை. கிலுகிலுப்பையை ஆட்டு என்றார்கள், சர்க்கரையைக் காட்டு என்றார்கள்.

"விட்டுடுங்கோ. அவளைக் கீழே விட்டுட்டு எல்லாரும் உங்க வேலையைப் பாருங்கோ" என்றேன்.

தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ஒரு கையை மல்லாத்திப் பக்கத்தில் போட்டேன். முகத்தைத் திருப்பி முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டிச் சத்தம் நின்றது. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் ஈரமாக, கதகதப்பாக ஐந்து விரல் வந்து உட்கார்ந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத்தான் பம்பாயிலிருந்து வந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கிளம்பின அன்று காலையில் அவள் என் தோளில் தூங்கிப்போய், பாலைக் கக்கிவிட்டாள். மாற்றுச் சட்டை தருகிறேன் என்றாள் மனைவி. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அப்படியே கிளம்பிவிட்டேன். வண்டிக்கு நேரம் இருந்தது.

மாட்டுங்காவில் கதவைத் திறந்ததும் குட்டி ஓடி வந்தது. காலை முகர்ந்தது, பெட்டியை முகர்ந்தது. தோளுக்கு எட்ட வேண்டுமென்று எம்பி எம்பிக் குதித்தது. சட்டையைக் கழற்றிக் கட்டிலின்மேல் போட்டேன். முன்னங்காலைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டு, தோள்பட்டையில் காய்ந்திருந்த அந்த வெள்ளைத் திட்டிலேயே மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் தோபியின் குரல் கேட்டது. சேஷு அழுக்குத் துணிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். "அந்தச் சட்டையையும் தாரும். ரயில் அழுக்கு, நாத்தம் அடிக்கறது" என்று கையை நீட்டினான்.

நான் சட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டேன். நாய் தொட்டால் குளிக்க வேண்டும் என்று சட்டம் போட்ட, தன் துணியை யார் தொட்டாலும் மறுபடி நனைக்கிற மணி ஐயர் பலகையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அது அழுக்கில்லைடா சேஷு. வெச்சுட்டுப் போ" என்றார்.